சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் எழுதியது

காலை ஆறு மணி பத்து நிமிஷம். வீரகேரளம்புதூரில் சங்கரலிங்கம் வாத்தியார் வீட்டு வாசலில் நான் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு சொளகு. வீட்டின் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சேலை கட்டிய அம்மாள் ஒருவரின் கையில் அது சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அரிசி ஒரு மணிகூடத் தரையில் சிந்தவில்லை. தவிடு மட்டும் முன்னால் பறந்து விழுந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் சொளகு நின்றது. அந்த அம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தைத் தாழ்த்தி, "செண்பகம், ஆள் வந்திருக்கு" என்று உள்பக்கமாகக் குரல் கொடுத்தார்.

நான் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தேன். "தானாக உட்கார்ந்து அரிசி புடைக்கிறார். கை நடுக்கம் இல்லை" என்று எழுதினேன். இந்த இரண்டு வரியிலும் பிழை இல்லை. இதற்குப் பிறகு எழுதியதில்தான் பிழை.

நான் வேலை பார்த்த முதியோர் நிலையத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கமிட்டியார் கேட்டார்கள். பழைய நாட்களைப் பற்றி இனிமையாக இருந்தால் நல்லது என்றார்கள். இனி விண்ணப்பக்காரர்களின் வீட்டுக்கு ஆள் போக வேண்டியதில்லை, டாக்டர் சர்ட்டிபிகேட்டைத் தபாலில் வாங்கினாலே போதும் என்று இந்த வருஷம் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு எழுதத் தோன்றுவது அதைப் பற்றித்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே விசாரணை குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அதற்கு முன் மூன்று வருஷம் ஒரு தினசரிக்குத் தென்காசிப் பகுதி நிருபராக இருந்தேன். சீசன் காலத்தில் அருவிக் கூட்டம், மற்ற காலத்தில் பஞ்சாயத்துக் கூட்டம். அருவியில் வழுக்கி விழுந்தவர்களின் பெயர், வயது, ஊர். நான் எழுதுவதில் பாதியை மதுரைப் பத்திரிகை ஆபீசில் வெட்டிவிடுவார்கள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது என்பதுதான் அங்கே நான் கற்றுக்கொண்டது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நிலையம் குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் சாலையில், அருவிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தது. அரிசி ஆலை முதலாளி ஒருவர் தம் தாயார் நினைவாக, வயதானவர்களுக்கும் துணையில்லாதவர்களுக்கும் கட்டியது. இருபத்துநான்கு கட்டில், ஒரு சமையல்காரர், பகலில் இரண்டு ஆயாக்கள். தகரம் வேய்ந்த நீண்ட ஹால். கக்கூஸ் பின்புறம், திறந்தவெளியில் முப்பது அடி தள்ளி. ஆகவே தானாக எழுந்து, தானாகப் போய், தானாகத் திரும்பி வரக்கூடியவர்களைத்தான் சேர்க்க முடியும். அப்படி இல்லாத ஒருவரைச் சேர்த்துவிட்டால் இரண்டு ஆயாக்களில் ஒருத்தி அவருக்கே போய்விடுவாள். மற்ற இருபத்துமூன்று பேருக்கும் ஒருத்திதான். யார் முடியும், யார் முடியாது என்று போய்ப் பார்த்து வருவது என் வேலை.

மேலாளராக இருந்தவர் எஸ்தர் அம்மாள். முப்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். அறிக்கையை நின்றுகொண்டேதான் படிப்பார். கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். "நன்றாக நடக்கிறார்" என்று எழுதினால் "நன்றாக"வின் மேல் கோடு விழும்.

"நல்லான்னா எத்தனை அடி, ரிப்போர்ட்டர்? அதை எழுதுங்க. நல்லாவா இல்லையான்னு நான் சொல்லிக்கிடுதேன்."

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரிப்போர்ட்டர்தான். விசாரணைத் தாளில் ஒவ்வொரு பத்தியையும் நடுவில் கோடு போட்டு, கண்டது, கேட்டது என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்று நான் சொன்னபோது மட்டும் ஒன்றும் பேசாமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டார். பாராட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் வகுத்த முறை இது. என்றைக்கு வருகிறோம் என்று கார்டு போடலாம், எத்தனை மணிக்கு என்று சொல்லக் கூடாது. முதல் பஸ்ஸில் போக வேண்டும். ஆள் எழுந்து நடமாடும் நேரத்தில் பார்க்க வேண்டும். "நடப்பீர்களா, கண் தெரியுமா" என்று கேட்கவே கூடாது. கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதற்குப் பதில், விண்ணப்பக்காரரிடமே குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்தவன் தண்ணீர் கேட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அவர் எழுந்திருப்பது, நடப்பது, குனிவது, கையின் பிடிப்பு, சொன்னது மனதில் நிற்பது எல்லாம் ஒரு தம்ளரில் வந்துவிடும்.

கடையத்தில் ஒரு பெரியவர். நான் போகிற நாளன்று மகன்கள் அவருக்குச் சரிகை வேட்டி கட்டி, சந்தனம் பூசி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். பேச்சு கணீரென்று இருந்தது. நெல் விலை, வாய்க்கால் தண்ணீர், எல்லாம் பேசினார். நான் தண்ணீர் கேட்டேன். அவர் அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏட்டி, சாருக்குத் தண்ணி கொண்டாட்டி" என்றார். மகன்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

அந்த முறையின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அப்படி வந்தது.

வீரகேரளம்புதூரில் சொளகோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பெயர் உலகம்மாள். ஐம்பத்தைந்து வயது. வாத்தியாரின் அக்கா. இளவயதில் புருஷனை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். அவர்களுடையது ஒரு காலத்தில் நிலமும் கோயில் மண்டகப்படியும் இருந்த குடும்பம். இப்போது மீதி அந்த வீடுதான். சங்கரலிங்கத்துக்குச் சிவகிரிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி மூன்று வருஷம். அங்கே ஓர் அறையில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்தார்.

"ஏழு மணி பஸ்ஸுக்கு வருவியன்னு நெனச்சோம் அண்ணாச்சி" என்றார் அவர் மனைவி செண்பகம். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், முன்கூடத்தில் கிடந்த ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். "அவுக கெணத்தடியில நிக்காக. இருங்க, கூப்பிடுதேன்."

நான் உலகம்மாளைப் பார்த்து, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்றேன்.

"நான் கொண்டாரேன்" என்று செண்பகம் திரும்பினார்.

"அவங்களே கொண்டாரட்டும்."

செண்பகம் நின்றுவிட்டார். உலகம்மாள் சொளகைக் கீழே வைத்தார். "நீ சும்மா இரு செண்பகம். என்கிட்டதான கேட்டாரு."

கையை ஊன்றாமல் எழுந்தார். நடுக்கூடமான பட்டாசலைக் குறுக்காகக் கடந்தார். உயரமான வாசல்படியில் காலைத் தேவையான அளவுக்குத் தூக்கி வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அடுக்களை மூலையில் குடம். அலமாரியில் தம்ளர். எடுத்தார், கழுவினார், மொண்டார், திரும்பி வந்தார். என் பக்கத்திலிருந்த மர ஸ்டூலில் தம்ளரை வைத்துவிட்டு, தலை குனிந்தபடி நகர்ந்து நின்றார். விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"எங்க கெணத்துத் தண்ணி எப்பிடி? ஊருக்குள்ள அதுக்குப் பேரு உண்டும்" என்றார்.

"நல்லா இருக்கும்மா. இந்த வீட்டை விட்டு ஏன் வரணும்னு நெனைக்கீங்க?"

"தம்பி மூணு வருசமா ஓட்டல்ல தின்னு வயித்தைக் கெடுத்துக்கிட்டு கெடக்கான். இவ இங்கன எனக்குக் காவலு. எனக்காவ ஒரு குடும்பம் ரெண்டு ஊர்ல நிக்கணுமா?"

சங்கரலிங்கம் ஈரத் துண்டோடு வந்து நின்றிருந்தார். "அப்பிடிச் சொல்லாத அக்கா."

"பின்ன எப்பிடிச் சொல்ல? பாடமா படிக்கச் சொல்லுத?"

"நீங்களும் சிவகிரிக்கே போயிரலாமே?" என்று கேட்டேன்.

"புது எடம் எனக்குச் சரிப்படாது" என்றார் உலகம்மாள்.

இதைக் "கேட்டது" என்ற பக்கத்தில் எழுதினேன். நிலையமும் புது இடம்தானே என்று எனக்குத் தோன்றவில்லை. பார்வை பற்றிய பத்தியில் செண்பகம் சொன்னதை எழுதினேன்: "பொழுது சாய்ந்தால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும்." அந்த வயதில் யாருக்குத்தான் பார்வை மங்காது என்று நினைத்துக்கொண்டேன். நடத்தை பற்றிய பத்தியில், "பிற ஆடவர் முன் தலை நிமிராத பழக்கம் உள்ளவர்" என்று எழுதினேன். உள்ளூர் டாக்டரிடம் தொற்றுநோய் எதுவும் இல்லை என்று சர்ட்டிபிகேட் வாங்கியிருந்தார்கள். அந்த நாளில் நாங்கள் கேட்டது அதை மட்டும்தான். அறிக்கையின் அடியில், "சேர்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இருபது நாள் கழித்து, ஆனி மாதச் சாரலில், சங்கரலிங்கம் அக்காவைக் கையைப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு எஸ்தர் அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஹாலின் பின்வாசலில் உலகம்மாள் நின்றுகொண்டிருந்தார். இடது உள்ளங்கை சுவரில். ஒரு கால் முன்னால் நீண்டிருந்தது, ஆனால் தரையில் பதியவில்லை. மேலே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"பதினோரு நிமிஷமா இப்பிடியே நிக்காங்க" என்றார் எஸ்தர் அம்மாள், கடிகாரத்தைப் பார்த்து. ஆயாவை அனுப்பி அவரைக் கூட்டிப்போகச் செய்தார். பிறகு என் தாளை எடுத்தார்.

"தண்ணீர் கொண்டுவந்தார், சிந்தவில்லை. இது கண்டதா?"

"கண்டதுதான் அம்மா."

"கொடம் எங்க இருந்துது?"

"அடுக்களை மூலையில."

"எத்தனை வருசமா அந்த மூலையில இருக்கு?"

அதை நான் கேட்டிருக்கவில்லை.

"மொகத்தைப் பாத்தியளா, ரிப்போர்ட்டர்?"

"அவங்க தலை நிமிரல."

"அதையும் எழுதியிருக்கிய. தலை நிமிரலைங்கிறது கண்டது. பழக்கம்ங்கிறது?"

சிவப்புப் பென்சிலை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டு வாசலில் அவர் கோலம் போடவில்லை. புருஷன் இல்லாதவர், போடக் கூடாது. கண்ணாடி பார்த்துப் பொட்டு வைக்கவில்லை, அதுவும் கூடாது. தெருவுக்கு வருவதில்லை. அந்நிய ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. கொடுப்பதைக் கையில் கொடுக்காமல் கீழே வைப்பார். கண் தெரியாத ஒருவர் எதையெல்லாம் செய்ய மாட்டாரோ, அதையெல்லாம் ஒரு விதவை செய்யக் கூடாது என்று ஊரே வைத்திருந்தது. நான் அந்த ஊர் வழக்கத்தைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்த்ததாக எழுதிவிட்டேன். வெளியூரிலிருந்து வந்த ஒருவன் என்றால், ஏன் இந்த அம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை என்றாவது கேட்டிருப்பான்.

அன்று சாயங்காலம் எஸ்தர் அம்மாளும் நானும் உலகம்மாளின் கட்டிலருகே போனோம்.

"ஒம்பது வருசமாச்சு" என்றார் அவர். "மொதல்ல ஓரத்துல போச்சு. அப்புறம் நடுவுலயும் போச்சு."

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா சேப்பியளா?"

"மாட்டோம்."

"அப்ப எதுக்குக் கேக்குதிய?" கொஞ்சம் சிரித்தார். பிறகு, "ஒண்ணு சொல்லுதேன் தம்பி. நீங்க எங்க வீட்டுக்கு வந்து என்னைய மட்டுந்தான் பாத்திய. உங்க எடத்தை எனக்குக் காட்டலயே. ஒரு நா கூட்டியாந்திருந்தா, இந்தச் சத்தத்தைக் கேட்டதுமே திரும்பியிருப்பேன். எங்க வீட்டுல கெணத்துச் சகடை கிரீச்சின்னா கெழக்கு. மாட்டு மணி கேட்டா மேக்கு. இங்கன தகரமும் அருவியும் எல்லாப் பக்கமும் ஒண்ணு போலச் சத்தம் போடுது. நான் எந்தப் பக்கம்னு திரும்ப?"

எஸ்தர் அம்மாள் தாளை என்னிடமிருந்து வாங்கி, "கேட்டது" என்ற பக்கத்தில் அதைத் தம் கையாலேயே எழுதினார்.

சேர்ந்தவரை முதல் ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம் என்று விதி இருந்தது. அந்த ஒரு மாதத்தை அவர் உலகம்மாளுக்குக் கொடுத்தார். கட்டிலைப் பின்வாசல் ஓரமாக மாற்றினார். பின்வாசலிலிருந்து கக்கூஸ் வரை கயிறு கட்டச் செய்தார். உலகம்மாள் எண்ணினார். கட்டிலிலிருந்து வாசலுக்கு ஒன்பது அடி, கயிற்றில் பதினெட்டுப் பிடி, சாப்பாட்டு இடத்துக்கு இருபத்தாறு அடி. மூன்றாவது வாரத்தில் மழை கொட்டும்போதுகூடத் தனியாகப் போய் வந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் செம்பையும் குடையையும் வழியில் வைத்துவிடுவார்கள். "ஏலே, யாரு வச்சது? எடுங்கலே" என்று பொதுவாகச் சத்தம் போடுவார். அந்த ஹாலில் இருந்த ஆண்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள்.

மாதக் கடைசி நாளன்று எஸ்தர் அம்மாள் என்னிடம் புதுத் தாள் ஒன்றைக் கொடுத்து, "இங்க வச்சு எழுதுங்க" என்றார். பிறகு சாப்பாட்டு இடத்திலிருந்த பெஞ்சைத் தாமே இழுத்து வந்து, உலகம்மாள் நடக்கும் வழியில் குறுக்கே போட்டார். நான் அவரைப் பார்த்தேன்.

"நாளைக்கு யாராச்சும் போடுவாக" என்றார். "இன்னைக்கு நான் போடுதேன்."

உலகம்மாள் எழுந்து நடந்தார். ஏழாவது அடியில் முழங்காலுக்குக் கீழே பெஞ்சு இடித்தது. நின்றார். சத்தம் போடவில்லை. குனிந்து பெஞ்சை இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை தடவினார். அதைச் சுற்றிப் போனார். சுற்றியதில் திசை தவறி, வாசலுக்கு மூன்று அடி தள்ளிச் சுவரில் கை வைத்தார். சுவரோடு நகர்ந்து வாசலைக் கண்டுபிடித்தார். கயிற்றைப் பிடித்துப் போய்த் திரும்பி வந்தார். மொத்தம் பதினான்கு நிமிஷம். காலில் தோல் பெயர்ந்திருந்தது.

பார்த்ததை அப்படியே எழுதினேன். எஸ்தர் அம்மாள் இரண்டு தடவை படித்தார். அந்த ஒரு அறிக்கையில்தான் அவர் எதையும் அடிக்கவில்லை. அடியில் நான் எழுதியிருந்த "சேர்த்துக்கொள்ளலாம்" என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் தாமும் கையெழுத்துப் போட்டுக் கமிட்டிக்கு அனுப்பினார்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. பார்வையற்றவர்களைச் சேர்க்க விதியில் இடமில்லை, நிலையத்தில் விபத்து ஏதும் நேர்ந்தால் பெயர் கெடும், வீட்டாருக்குத் தகவல் கொடுக்கவும் என்று இருந்தது. எஸ்தர் அம்மாள் தென்காசிக்குப் போய் முதலாளியை நேரில் பார்த்தார். திரும்பி வந்து, "கயித்தை அவுத்துரச் சொல்லுதாரு" என்றார். கண் தெரியாதவர்களுக்கான விடுதி ஒன்றுக்கு நான் எழுதிக் கேட்டேன். அங்கே பள்ளிப் பிள்ளைகளை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சங்கரலிங்கத்துக்குத் தந்தி கொடுத்தோம். வந்தார். ஆபீசில் நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை.

"பழைய வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்க. அங்க அவங்களுக்கு ஒரு குறையும் இல்லையே" என்றேன்.

"கிரயம் முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. சேத்துக்கிடுதோம்னு உங்க லெட்டர் வந்த மறுநா கையெழுத்துப் போட்டேன். மூணு வருசமா ஆள் கேட்டுக்கிட்டே இருந்தான். அக்கா இருக்கும்போது விக்கமாட்டேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். "கண்ணை மறைச்சது எங்க தப்புத்தான். உங்களைச் சொல்லல."

அவர் என்னைச் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு எஸ்தர் அம்மாள் ஒரு விதியைச் சேர்த்தார். விண்ணப்பக்காரரை நான் வீட்டில் பார்த்த பிறகு, அவர் ஒரு நாள் நிலையத்துக்கு வந்து, எங்கள் கட்டிலில் படுத்து, எங்கள் கக்கூஸுக்குப் போய், எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, வருகிறேன் அல்லது வரவில்லை என்று தம் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை வீட்டை விற்கவோ காலி செய்யவோ கூடாது என்று கடிதத்தில் எழுதுவோம். ஒரு நாள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவர்கள் பலர். எஸ்தர் அம்மாள் காலமாகி, நான் ஓய்வு பெறும் வரை அந்த விதி இருந்தது. வீட்டுக்கு ஆள் போவதோடு சேர்த்து அதையும் இப்போது எடுத்துவிட்டார்கள்.

உலகம்மாளைக் கூட்டிக்கொண்டு சங்கரலிங்கம் கிளம்பியபோது நானும் பஸ் ஏறினேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சிவகிரியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர்கள் புதிதாக வாடகைக்கு எடுத்த வீடு. செண்பகம் வாசலில் நின்றிருந்தார். அவர் உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "மயினி, இங்கன மூணு படி" என்றார். உலகம்மாள் கையை விடுவித்துக்கொண்டு தாமாகவே மூன்று படியும் ஏறினார்.

நான் தாள் கொண்டுபோகவில்லை. ஆனாலும் பார்த்தேன். முன்னறை, அடுத்து அடுக்களை, பின்னால் முற்றம், பொதுக் கிணறு. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான் இருந்தது. செண்பகம் பாத்திரங்களை இன்னும் அடுக்கவில்லை. எதை எங்கே வைக்கட்டும் என்று மயினியிடம் கேட்டு வைக்கலாம் என்று காத்திருந்திருக்கிறார். உலகம்மாள் வாசலிலிருந்து எண்ணத் தொடங்கினார். சுவரில் உள்ளங்கையை வைத்து, ஒவ்வொரு மூலையிலும் நின்று, காதைச் சாய்த்து, எண்ணிக்கொண்டே போனார்.

"சத்தம் கம்மியாத்தான் இருக்கு" என்றார். "ஒரு மாசத்துல தெரிஞ்சுரும் தம்பி. நீங்க போங்க, கடைசி பஸ்ஸை விட்டுராதிய."

சங்கரலிங்கம் என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தார். வழியில் வீட்டைப் பற்றிக் கேட்டேன். வீட்டுக்காரர் நல்ல மாதிரி என்றும், பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார் என்றும், அதற்குப் பிறகு வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.